மூன்று நாள் தீட்டு

அப்பா இறந்தது பங்குனி மாதம், பழத்தைப் பறித்து நசுக்கி டிரம்மில் விட்டதற்கு மறுநாள். சாவுக்கு நாள் நட்சத்திரம் கிடையாதுதான். ஆனாலும் இந்த மனுஷன் எதையாவது எங்களைக் கேட்டுக்கொண்டு செய்திருக்கிறாரா என்று முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகு வந்தது.

அந்தமான் மாயாபந்தரில் திராட்சையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம், திராட்சைதான். அப்பா ரோடு ரோலர் ஓட்டக் கப்பலேறி வந்தவர். சொந்த ஊர் கம்பம் பக்கம். ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பாமல், ஊருக்குப் போய்ப் பன்னீர் திராட்சைக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு கப்பலில் திரும்பிவந்தார். வருஷத்தில் முக்கால்வாசி மழை பெய்கிற தீவில் திராட்சை நடுகிறவரை ஊரே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். முதல் நடவை ஆப்பிரிக்க நத்தை தின்றது. இரண்டாவதை மான் தின்றது. மூன்றாவதற்கு வேலி போட்டார், நின்றது. நின்றதே தவிர, காய்த்த பழமெல்லாம் பூசணம் பிடித்துக் கொட்டியது.

தம்பி விவசாயம் படித்துவிட்டு வந்த பிறகுதான் அது தோட்டமானது. கொடிக்கு மேலே பாலிதீன் கூரை போட்டான். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து அதையே கோடையில் பாய்ச்சினான். தோட்டத்துச் சரிவு நேராகக் கழிமுகத்துக்கு இறங்குகிறது, அங்கே அலையாத்திக் காடு இருக்கிறது, அதனால் கடுமையான மருந்து எதையும் தெளிக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். வேருக்குத் தேங்காய் மட்டையைப் பரப்பினான். மழை ஓய்கிற கார்த்திகைக் கடைசியில் கவாத்து வெட்டினால் பங்குனியில் வெயிலில் பழுக்கும் என்று கணக்குப் போட்டான். பழுத்தது. ஆனால் அந்தப் பழம் போர்ட் பிளேர் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸிலேயே கூழாகிவிடும். அப்போதுதான் ஒயின் போடலாம் என்றான். கொஞ்சமாகச் செய்துபார்க்க அனுமதியும் வாங்கிவிட்டான்.

அப்பாவுக்குக் குடி ஆகாது. 'சாராயம் காய்ச்சவாடா கப்பலேறி வந்தேன்' என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே கூடையைத் தூக்கிக்கொண்டு பழம் பறிக்கப் போனார்.

இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கம்பத்துப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகமாட்டார்கள், தீட்டுள்ளவர்கள் கால் வைக்கமாட்டார்கள். அப்பா அதே சட்டத்தைத் திராட்சைக்கும் கொண்டுவந்தார். வாசலில் நின்றுகொண்டு, "செருப்பக் கழத்திட்டு வாடா" என்பார். தம்பி அதே வாசலில் ஒரு வாளியில் ஊதா நிற மருந்துத் தண்ணீர் வைத்து, காலைக் கழுவாமல் உள்ளே போகாதே, கிருமி போகும் என்பான். செருப்பைக் கழற்று, காலைக் கழுவு. ஒரே வாசலில் இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்யச் சொன்னார்கள். ஆனால் அதற்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

தீட்டு விஷயத்தில் மட்டும் தம்பி அப்பாவைத் தாறுமாறாகப் பேசுவான். "நொதிக்க வைக்கிற ஈஸ்டுக்கு யாரு செத்தாங்க, யாரு பொறந்தாங்கன்னு தெரியுமாப்பா? அதுக்குத் தெரிஞ்சது சர்க்கரையும் சூடும்தான்" என்பான். அப்பா, "நீ படிச்சவன், உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அந்தப் பதில் தம்பிக்குச் சாட்டையடிதான். முகம் தொங்கிப்போகும்.

அவனுக்கும் ஒரு சட்டம் இருந்தது. வெளியாள் கை டிரம்மில் படக்கூடாது. முந்தின வருஷம் கூலிக்கு வந்த ஆள் ஒருவன், எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று டீ கிளாஸை முக்கி எடுத்தான். டிரம் முழுவதும் கெட்டுப்போனது. அதற்கு முந்தின வருஷம் புயல். இப்படிச் சாண் ஏறினால் முழம் சறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் மெயின்லேண்டிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய ஒயின் கம்பெனி, நல்ல சம்பளம். மனைவியும் பக்கத்தில் இருக்க, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"இந்தத் தடவை ஒயின் பக்காவா வந்துச்சுன்னா இங்கயே இருந்துக்கறேன். வரலேன்னா நாங்க ரெண்டு பேரும் போயிடறோம்ப்பா."

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். காரணம் இருக்கிறது.

நான் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள். போர்ட் பிளேர் பக்கத்துப் பாம்பூஃப்ளாட்டில் என் வீட்டுக்காரருக்கு ஹார்டுவேர் கடை. வெளியே தங்கமான மனுஷன், வீட்டுக்குள் கை நீட்டுகிறவர். ஒரு நாள் காது கேட்காமல் போகும்படி அடித்தார். மறுநாள் காலையில் மாயாபந்தர் பஸ் ஏறிவிட்டேன். அப்பா அப்போது கொடிக்குப் பந்தல் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். என் பெட்டியைப் பார்த்தார், காதில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்தார். "வந்துட்டியா. சோறு இருக்கு, போட்டுச் சாப்புடு" என்றார். அவ்வளவுதான். ஏன் வந்தாய், எப்போது போகிறாய் என்று சாகிற வரைக்கும் கேட்கவில்லை. விவாகரத்து என்று கோர்ட்டுக்கு மட்டும் போகவேண்டாம் என்றார், நானும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. லீவு நாளில் கொடிகளோடு கிடந்தேன். அந்த வீடும் தோட்டமும் தம்பியும் இல்லையென்றால் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஓரிடம் கிடையாது. தம்பி போய்விட்டால் அது வீடாக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பங்குனியில் பழம் அப்படி வந்தது. இனிப்பை அளக்கிற குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்த தம்பி, அதை என்னிடம் நீட்டி, "பாருக்கா" என்றான். எனக்கு அதில் என்ன தெரியும்? அவன் முகத்தைத்தான் பார்த்தேன். இரண்டு நீல டிரம் நிறைந்தது. டிரம் வாயில் வெள்ளைத் துணி கட்டினான். நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்துவந்து அடையாகக் கட்டிக்கொள்ளும். காலை, மதியம், ராத்திரி மரத்துடுப்பால் அதை அமுக்கிவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அமுக்காமல் ஒரு நாள் விட்டால் ஆபத்து, இரண்டு நாள் விட்டால் அடை காய்ந்து ஈ மொய்த்துக் காடியாகிவிடும். இதைத் தம்பி எங்களுக்குப் பாடம் போலச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

மறுநாள் அப்பா குளிக்கப் போனவர் கிணற்றடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

தகவல் கேட்டுப் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு நேர் இளையவர், தீவுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் கம்பத்துப் பேச்சும் கம்பத்துச் சட்டமும் மாறாதவர். தம்பி கொள்ளி வைத்தான். எங்கள் ஆட்களில் கொள்ளி வைத்தவனுக்கும் அந்த வீட்டாருக்கும் பதினாறு நாள் தீட்டு. தீட்டுக்காரர்கள் உள்ளே போகக்கூடாது என்பதற்கு அடையாளமாகச் சித்தப்பா தோட்டத்து வாசலில் வேப்பங்குலையைக் கட்டினார். தம்பி அதைக் கழற்றி எறிவான் என்றுதான் நினைத்தேன். அவன் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே இருந்தான்.

தம்பி மனைவி வங்காளிப் பெண். மாயாபந்தர் பஜாரில் அவள் அப்பாவுக்கு மீன் கடை. எங்களோடு தமிழ் பேசிப் பழகினவள், பதற்றம் வந்தால் ஹிந்தி கலந்துவிடும். மூன்றாம் நாள் காலை அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தீதி, வேலிகிட்ட நின்னாலே கட்டா வாசம் வருது. புளிச்ச வாசம். இவரு குச் பி பேசல. நான் போயி அமுக்கறேன்னு சொன்னேன், மனா பண்றாரு, வேணாங்கறாரு."

நான் தம்பியிடம் போனேன். தாடி முளைத்து, பிடரியில் வெள்ளைத் துண்டோடு, அவனைப் பார்க்கவே சகிக்கவில்லை.

"என்னடா பண்றே? ஈஸ்டுக்குத் தீட்டு தெரியாதுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா, சொன்னேன்."

"பின்னே எந்திரிச்சுப் போ."

"உயிரோட இருந்தப்ப ஒரு நாள் அவர் பேச்சைக் கேட்டதில்லக்கா. வாசல்ல நிக்க வச்சே பேசிப் பேசி அனுப்புவேன். இப்ப நான் உள்ளே போனா, செத்த பிறகும் கேக்கலன்னு ஆயிடும்." தேம்பினான்.

"சரி, உன் மாமனாரைப் போகச் சொல்லவா? அவருக்குத் தீட்டு இல்லையே."

"மீன் கையோடயா? வேண்டாம். வெளியாள் யாரும் வேண்டாம்."

வாசலில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"வெளியாளு கை படக்கூடாதுங்குறான் இவன். தீட்டுக்காரவுக காலு படக்கூடாதும்பாரு போனவரு. அப்ப யாருதான் போறது?" என்றவர் என்னைப் பார்த்தார். "ஏத்தா, கட்டிக்குடுத்த பொண்ணுக்கு மூணு நாளுதான். நாளைக்கித் தலைக்கு ஊத்திக்கிட்டு நீ போலாம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பதினாறு நாள் என்றே நினைத்து நானும் வீட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஆனா ஒண்ணு. வாழாம வந்து அப்பன் வீட்டுல கெடக்குறவளுக்கு மூணா பதினாறான்னு நாளைக்கி நாலு பேரு கேப்பாக. நீ கட்டிக்குடுத்த அந்த வீட்டுக்காரின்னு உன் வாயால, எல்லாருக்கு முன்னாடியும் சொல்லிரணும். சொன்னா மூணு. சொல்லலேன்னா பதினாறு."

நான் தம்பியைப் பார்த்தேன். வேண்டாம்க்கா என்று அவன் சொல்லியிருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அந்த டிரம் வேண்டும்.

அன்று சாயங்காலம் துக்கம் கேட்க வந்த கூட்டம் இருந்தது. சுவரில் அப்பா படம், கீழே விளக்கு. என்னை அடித்தவன் பெயரைச் சொல்லக்கூட எனக்கு நாக்கு கூசும். அந்தப் படத்துக்கு முன்னால், "நான் கட்டிக்கொடுத்த பொண்ணு. எனக்குப் புகுந்த வீடு இருக்கு. எனக்கு மூணு நாள்தான்" என்று சொன்னேன். ஒரு கிழவி, "அதானே, பொண்ணுன்னா அப்படித்தானே" என்றாள். சமையலறைக்குப் போய் வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தேன். கசப்பு போகவில்லை. 'வந்துட்டியா' என்று ஒரே சொல்லில் என்னைச் சேர்த்துக்கொண்ட மனுஷனுக்குப் பதினாறு நாள் துக்கம்கூட நான் காக்கப்போவதில்லை.

நாலாம் நாள் விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே போனேன். செருப்பைக் கழற்றினேன், ஊதாத் தண்ணீரில் காலைக் கழுவினேன். கொட்டகைக்குள் நுழையும்போதே ஈ முகத்தில் மொய்த்தது. தம்பி வேலிக்கு வெளியே வந்து நின்றுகொண்டான். கால் அந்தப் பக்கம், உயிர் இந்தப் பக்கம்.

"முதல்ல அமுக்காதக்கா. துணியை எடுத்துட்டு மேலாப்புல காய்ஞ்சதை அள்ளி வெளியே எடு. அப்புறம் மோந்து பாரு. என்ன வாசம்?"

முதல் டிரம்மில் குனிந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடி, அதேதான்.

"காடி" என்றேன்.

அவன் வேலிக் கம்பைப் பற்றிக்கொண்டான். "அடுத்தது?"

இரண்டாவது டிரம் சுவரோரம், நிழலில் இருந்தது. அதன் அடை மேலே காய்ந்திருந்ததே தவிர உள்ளே ஈரமாக இருந்தது. காய்ந்ததை அள்ளிப் போட்டுவிட்டுக் குனிந்தேன். பழ வாசனை. நன்றாகப் பழுத்த பன்னீர் திராட்சையை வாயில் போட்டுக் கடித்த வாசனை. அதற்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு.

"இது இருக்குடா. இது இருக்கு."

"இப்ப அமுக்கு. மெதுவா. ஓரத்துலருந்து."

அமுக்கினேன். நுரைத்து மேலே வந்தது. அதற்குப் பிறகு நாளைக்கு மூன்று தடவை நான் உள்ளே, அவன் வேலிக்கு வெளியே. முதல் டிரம்மை மண்ணில் கொட்டச் சொன்னான். உரக்குழியில் சுண்ணாம்பு போட்டுக் கொட்டினேன். கழிமுகப் பக்கம் ஒரு சொட்டுப் போகக்கூடாது என்று அந்த நிலைமையிலும் வேலியிலிருந்து கத்தினான்.

பதினாறாம் நாள் காரியம். தம்பிக்கு மொட்டை அடித்து உருமால் கட்டினார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் பேச்சுச் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் நிற்கிறார். கையில் கோடித் துணி. மருமகன் முறை செய்ய வந்திருக்கிறார். சித்தப்பாதான் போன் செய்திருக்கிறார்.

"நீதானேத்தா சொன்னே, அந்த வீட்டுக்காரின்னு. அப்ப அவுக வந்து கோடி போடணுமில்ல?" என்றார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. நான் சொன்னதை நம்பினவர் அவர் ஒருத்தர்தான்.

என்னைச் சம்பந்தக்காரர்கள் வரிசையில், அந்த ஆள் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். நின்றேன். தம்பி மனைவி, என் அப்பாவைச் சில வருஷம் மட்டுமே பார்த்தவள், வீட்டார் வரிசையில் நின்றாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வயிறு எரிந்தது. இலையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. பெட்டியை எடுத்துக்க."

"தீட்டுக் கழிக்க உங்க பேரு வேண்டியிருந்துச்சு. கழிஞ்சிருச்சு. நீங்க கெளம்புங்க" என்றேன். கை ஓங்கும் அளவுக்கு முகம் மாறியது. கூட்டம் இருந்ததால் ஓங்கவில்லை. போய்விட்டார்.

அந்த ஒரு டிரம் தெளிந்து புட்டிக்கு வர மழைக்காலமாகிவிட்டது. தம்பி முதல் கிளாஸை வெளிச்சத்தில் காட்டினான், மோந்தான், ஒரு வாய் வைத்தான். அவன் மனைவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

"நல்லா வந்திருக்குக்கா. இவ்வளவு நாள் பண்ணுனதுல இதுதான்."

"அப்ப நீ இங்கயே இருக்கேல்ல."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "டிக்கெட் போட்டுட்டேன்" என்றான்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அடிபட்ட காது அல்ல, இரண்டும். ஒயின் வந்தால் இருப்பேன் என்றாயே என்று கேட்டேன். "அப்பாகிட்டதானேக்கா சொன்னேன்" என்றான். "அவர் இல்லாத தோட்டத்துல நான் யார்கூடச் சண்டை போடறது? வாசலுக்குப் போனாலே செருப்பைக் கழத்துடான்னு கேக்குது. என்னால முடியல." அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால் என்னால் திட்டவும் முடியவில்லை. அவனை நிறுத்தப்போவது அந்த டிரம் இல்லை என்று தெரிந்திருந்தால், அந்தப் படத்துக்கு முன்னால் நான் வாயைத் திறந்திருக்கவேமாட்டேன்.

கப்பலேறும் அன்று துறைமுகத்தில் இனிப்பளக்கும் குழலை என் கையில் வைத்தான். "தோட்டத்தைப் பாத்துக்கக்கா. நீ நம்ம வீட்டு ஆளுதானே, உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றான். யோசிக்காமல்தான் சொன்னான். அதுதான் இன்னும் வலித்தது. நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கப்பல் நகர்ந்த பிறகுதான் கையாட்டினேன்.

பார்த்துக்கொண்டேன். போன கார்த்திகையில் நானே கவாத்து வெட்டினேன், பாலிதீன் கிழிந்த இடத்தைத் தைத்தேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் பாய்ச்சினேன். இந்தப் பங்குனியில் பழம் குலைகுலையாகத் தொங்கியது. குழலில் பார்த்தேன், பறிக்கிற பக்குவம். டிரம்மைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன்.

அன்றுதான் சித்தப்பா இறந்துபோனதாகப் பாம்பூஃப்ளாட்டிலிருந்து போன் வந்தது. போய் வந்தேன். பங்காளி வீட்டுச் சாவு, வீட்டாருக்குப் பதினாறு நாள். அவர் மகன் பஸ் ஏற்றிவிடும்போதே சொல்லி அனுப்பினான். "பழம் பறிக்கிற நேரமாமே. உங்களுக்கு மூணு நாள்தான்க்கா. கவலைப்படாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் வேப்பங்குலை ஒடித்துத் தோட்டத்து வாசலில் கட்டினேன். மூன்றாம் நாள் போனது, நாலாம் நாள் வந்தது. அவிழ்க்கவில்லை. கிளியும் கொண்டைக்குருவியும் பகலில் தின்றன, பழந்தின்னி வௌவால் இருட்டினதும் வந்தது. மிச்சம் வெடித்து ஒழுகியது. அந்த வாசம் வீட்டுக்குள் வரை வந்தது. நான் சோறு பொங்கினேன், பள்ளிக்கூடம் போனேன், திரும்பி வந்து அப்பா படத்துக்கு விளக்கு வைத்தேன்.

தம்பி மனைவிக்கு அவள் அப்பா மூலம் விஷயம் போயிருக்கிறது. தம்பி போன் செய்தான்.

"என்னக்கா, பைத்தியமா உனக்கு? மொத்தப் பழமும் போச்சாமே. உனக்கு மூணு நாள்தானே."

"ஆமா, மூணு நாள்தான்."

"பின்னே எதுக்கு?"

"அப்பாவுக்கு இருக்க முடியாத பதினாறையும் இப்ப இருந்துட்டிருக்கேன். நடுவுல பேசாதே, போனை வை" என்றேன்.

அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.